வடிதட்டைப் பார்த்துப் போட்ட வட்டம்

அம்மாவின் இடது கைச் சுட்டுவிரலில், நூல் ஓடி ஓடி அறுத்த ஒரு பள்ளம் இருந்தது. எனக்குத் தலை வாரிவிடும்போது அந்த இடம் மட்டும் காதோரம் சொரசொரவென்று உரசும். வெங்காயம் நறுக்கும் நாட்களில் அதில் சாறு இறங்கி, "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொள்வாள். இதைச் சொல்லித்தான் நான் தொடங்க வேண்டும், ஏனென்றால் குரோஷா பின்னல், ஒட்டுத்துணித் தையல் என்றாலே இப்போது எல்லோரும் மனதுக்கு இதம், நல்ல பொழுதுபோக்கு என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. இதமாக இருந்திருக்கலாம். விரல் அறுந்ததும் உண்மை.

நாங்கள் அப்போது பொன்மலையில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். காலையில் சங்கு ஊதியதும் தெரு முழுக்க சைக்கிள்கள் கிளம்பிப் போய்விடும், அதன் பிறகு அந்த வீட்டு வரிசை பெண்களுடையது. வீட்டுக்கு வீடு ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவார்கள். ரேடியோவுக்கு உறை, டி.வி.க்கு உறை, தண்ணீர்ப் பானை மூடிக்கு உறை, சாமி படத்துக்குக் கீழே விரிப்பு, சோபா இல்லாத வீட்டில் கூட சோபா முதுகுக்குப் போடும் லேஸ் என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வரிசையில் லேஸ் உறை இல்லாத பொருள் அடுப்பு ஒன்றுதான்.

ஆனால் யாரும் யாருக்கும் கற்றுத்தர மாட்டார்கள். அதுதான் அந்த வரிசையின் வழக்கம். ஒரு டிசைன் பிடித்துப்போனால் அவர்கள் வீட்டுக்குப் போய் "மாதிரி" கேட்க வேண்டும். மாதிரி என்றால் உள்ளங்கை அகலத்துக்குப் போட்ட ஒரு துண்டு. அதைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்து, கண்ணி கண்ணியாக எண்ணி, நாமே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது மரியாதை இல்லை. சிரித்த முகமாகக் காபி கொடுத்து, மாதிரியும் கொடுப்பார்கள். ஆனால் அந்த மாதிரியில் ஒரு சுற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போட்டிருப்பார்கள். இதற்கு "வரி முழுங்குறது" என்று பெயர். எல்லோரும் முழுங்கினார்கள், எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எதிர்வீட்டு பிலோமினா அக்காவிடம் அம்மா ஒரு வட்ட டிசைனுக்கு மாதிரி வாங்கி வந்தாள். ஃபிட்டர் வேலை பார்த்தவரின் மனைவி அவர். அந்த வரிசையிலேயே அவர் கைக்குத்தான் மதிப்பு. அம்மா அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். நாலைந்து சுற்று வந்ததும் வட்டம் ஓரத்தில் மேலே எழும்பத் தொடங்கியது. தட்டையாக உட்காரவே இல்லை. கஞ்சி போட்டாள், கனமான பெட்டிக்கு அடியில் வைத்து எடுத்தாள், எடுத்த மறுநிமிடம் அது கிண்ணமாக நிமிர்ந்துகொண்டது. பிலோமினா அக்கா வாசலில் போகும்போது பார்த்துவிட்டார்.

"என்ன ராஜம், தொப்பியா? அண்ணனுக்கா போடுற?"

"ஆமாக்கா. ஒங்க வீட்டு அண்ணனுக்கும் ஒண்ணு போடவா? தலை அளவு மட்டும் சொல்லுங்க" என்றாள் அம்மா. அந்த அண்ணனுக்கு வழுக்கை என்பது வரிசைக்கே தெரியும். பிலோமினா அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே வந்து அத்தனையையும் பிரித்துப் போட்டாள்.

விடை கிடைத்தது அடுப்படியில். சோறு வடிக்கும்போது பானையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கஞ்சி இறங்கும் வரை அம்மா வடிதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரு ஓட்டை, அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு, அதற்கும் வெளியே பதினெட்டு. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூடிக்கொண்டே போனால்தான் வட்டம் படிந்து கிடக்கும், குறைந்தால் கிண்ணமாகும், கூடிப்போனால் ஓரம் பாவாடைக் கொசுவம் போல அலையும். மத்தியானம் வடிதட்டைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டையைப் பார்ப்பதும் ஊசி போடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, "சோத்துக்கு வழியப் பாப்பியா, இல்ல அதையும் நூல்லயே போடப் போறியா?" என்றார். வட்டம் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது.

அன்று முதல் அம்மா யாரிடமும் மாதிரி கேட்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் டிசைனாகப் பார்க்கத் தொடங்கினாள். ஜன்னல் கம்பி, டேபிள் ஃபேன் கூண்டு, பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையின் தரை ஓடு, பூசணிக்காயைக் குறுக்கே வெட்டினால் தெரியும் விதை வரிசை. சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போனால் பெருமாளைச் சேவித்தாளோ இல்லையோ, தூண்களைச் சுற்றிச் சுற்றி வருவாள். கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டு, ஒரு தூணில் செதுக்கியிருந்த கொடியை விரலால் தடவிக்கொண்டு நிற்பாள். பின்னால் வந்தவர்கள் பக்தி என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். நான் பசியில் அழுவேன்.

ஒட்டுத்துணித் தையலையும் அவள் தவறு செய்துதான் கற்றாள். முதலில் போட்ட விரிப்பில், தீபாவளிக்குத் தைத்ததில் மிஞ்சிய புதுத் துணியையும் பழைய பாவாடைத் துணியையும் கலந்து வைத்துத் தைத்துவிட்டாள். ஒரு தடவை நனைத்ததும் புதுசு சுருங்கிப் பழசை இழுத்து, மொத்தமும் பொரித்த அப்பளம் போல ஆகிவிட்டது. அதன் பிறகு எந்தத் துணியானாலும் முதலில் துவைத்துக் கஞ்சியை எடுத்து, சாயத் துணியானால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் போட்டு, எல்லாம் ஒரே வயதுக்கு வந்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் போட்டது எதுவும் எங்கள் வீட்டில் தங்கியதில்லை. அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. மேலதிகாரி வீட்டுக் கிரகப்பிரவேசமா, கூட வேலை பார்ப்பவரின் மகளுக்குக் கல்யாணமா, "ராஜம், அந்த லேஸ எடுத்துக் குடு" என்பார். வாங்கியவர்களும், "ஒங்க வீட்டுக்காரம்மா சும்மாதானே இருக்காங்க, இன்னொண்ணு போட்டுக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சும்மா. இந்தச் சொல்லை அந்த வீட்டில் நான் கேட்ட அளவுக்கு வேறெந்தச் சொல்லையும் கேட்டதில்லை.

ஒரு கோடையில் அம்மா பெரிய விரிப்பு ஒன்றை ஆரம்பித்தாள். என்னுடைய சின்னதாகிப்போன கவுன்கள், அப்பாவின் சட்டைகளில் நைந்துபோகாத முதுகுப் பக்கம், அவளுடைய புடவைத் தலைப்பு எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் வடிதட்டு வட்டம் ஒன்றை வைத்துத் தைத்து, சதுரத்தையும் சதுரத்தையும் லேஸால் இணைத்து, அடியில் பழைய நூல் புடவையை இரண்டாக மடித்துக் கொடுத்து, மேலிருந்து கீழ்வரை ஓட்டுத் தையல் போட்டாள். மழைக்காலம் வரை இழுத்தது. யாருக்கு என்று நான் கேட்டபோது, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "எனக்கு" என்றாள். அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. விரிப்பைக் கட்டிலில் போட்டு, ஒரே ஒரு வாரம் படுத்திருப்பாள்.

துறையூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. மகள் விஜயாவைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, பெண்ணின் கைவேலை என்று எதையாவது எடுத்துக் காட்ட வேண்டும். விஜயாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கவும் வராது. அத்தை நேரே கட்டிலுக்குப் போய் விரிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு நாளைக்குக் குடு ராஜம். காட்டிட்டுக் குடுத்தனுப்பிடறேன்."

"அண்ணி, இது நான் எனக்குன்னு..."

"ஒரு பொண்ணு வாழ்க்கைடி. சும்மாதானே இருக்க, என்ன கொறஞ்சு போகப் போகுது?"

அப்பா விரிப்பை மடித்துக் கொடுத்தார். அம்மா கொடுக்கவில்லை, அவர்தான் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு விரிப்பு பிடித்துப்போய்விட்டது. சீர்வரிசையில் அதுவும் சேர்ந்து போய்விட்டது. அம்மா இரண்டு தடவை கேட்டாள். "இப்பப் போய்க் கேட்டா அசிங்கம்" என்றார் அப்பா. அதன் பிறகு அவள் கேட்கவுமில்லை, ஊசியைத் தொடவுமில்லை. மத்தியானங்களில் வெறுமனே படுத்துக் கிடந்தாள். அந்த வரிசையிலேயே உண்மையாகச் சும்மா இருந்தவள் அப்போது அவள் ஒருத்திதான்.

விஜயாவின் குழந்தைக்குக் காதுகுத்து என்று அழைப்பு வந்தது. போனோம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. சீட்டில் வெயில் படாமலிருக்க அதன்மேல் எதையோ போர்த்தியிருந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய விரிப்பு. ஓரத்தில் கிரீஸ் அப்பியிருந்தது, ஒரு மூலை மண்ணில் புரண்டுகொண்டிருந்தது.

விஜயாவின் மாமியார் எங்களை வரவேற்க வெளியே வந்தவர் அம்மாவின் பார்வையைப் பார்த்தார். "எங்க மருமக கைவேலைங்க. அழகா இருக்குல்ல? என் பொண்ணுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுன்னா, கை வலி கை வலிங்கிறா."

விஜயா குழந்தையோடு நிலைப்படியில் நின்றாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. பின்னால் அத்தை, பேசாதே என்று கண்ணால் கெஞ்சினாள். அப்பா அம்மாவின் முழங்கையைப் பிடித்தார். அம்மா வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் மானம் போகும், திறக்காவிட்டால் விரிப்பு போகும். சின்னப் பெண்ணான எனக்கே அது புரிந்தது. ஊரே வாசலில் நின்றது.

அம்மா அப்பாவின் கையை விலக்கினாள். "விஜயா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

விஜயா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "ராஜம் அத்தை போட்டதுங்க அது. எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாதுங்க."

அந்த மாமியார் அவளையே பார்த்தார். அறைதான் விழப்போகிறது என்று நினைத்தேன். "அடிப்பாவி! நெசமாவே கை வலின்னு தினம் என்னைத் தைலம் தேய்க்க வச்சியே!" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். விஜயா அழுதுகொண்டே சிரித்தாள்.

அம்மா யாரையும் பார்க்கவில்லை. வண்டிமேலிருந்து விரிப்பை உருவி, உதறி, நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். "வண்டிக்கு ஒரு தார்ப்பாய் வாங்கிக்கங்க" என்றாள். காதுகுத்து முடியும் வரை, சாப்பிடும்போதுகூட, அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா மெதுவாக, "குடுத்ததத் திருப்பி வாங்குற வழக்கம் நம்ம குடும்பத்துல கெடையாது" என்றார்.

"நான் எப்பக் குடுத்தேன்?"

அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் பல வருடங்கள் இருந்தாள். அப்பா வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிரீஸ் கறை எதற்கும் போகவில்லை. விஜயா மட்டும், திருச்சிக்கு வந்தால் அம்மாவைப் பார்க்காமல் போகமாட்டாள்.

இப்போது நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறேன். எனக்கும் வயதாகிவிட்டது. டிசைன் வேண்டுமென்றால் போனைத் திறந்தால் போதும், யாரோ ஒரு பெண் எங்கிருந்தோ ஒவ்வொரு கண்ணியையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறாள். வரி முழுங்குவதில்லை. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. மாதிரி கேட்க யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை, பொய்ச் சிரிப்போடு யாரும் காபி கொடுப்பதில்லை, அவ்வளவுதான் போயிருக்கிறது. அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை. லிஃப்டில் பார்க்கும் பெண்கள், "ஆன்ட்டி, சும்மாதானே இருக்கீங்க, குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுக் குடுங்களேன்" என்கிறார்கள். முடியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

அம்மா போட்ட விரிப்பைக் காட்டுங்கள் என்றும் கேட்கிறார்கள். காட்ட எதுவும் இல்லை. அவள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை, எனக்குச் சீராகவும் தரவில்லை. நான் கேட்டேன், "போ, நீயே போட்டுக்க" என்றுவிட்டாள். தினமும் விரித்தாள், தினமும் படுத்தாள், துவைத்தாள், ஒட்டுப்போட்ட இடத்திலேயே மறுபடி ஒட்டுப்போட்டாள். லேஸ் அறுந்து, சதுரங்கள் நைந்து, உள்ளே இருந்த புடவை வெளியே தெரிந்து, கடைசியில் ஊசி ஏறினால் துணி நிற்காது என்றான பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, மடியில் துணித் துணுக்குகள் உதிர, தன் கையாலேயே அதைக் கரித்துணிக்குக் கிழித்தாள்.