களமருதூரில் நிலை நிறுத்தப் போன காலை

உப்புத்தாள் போடுவதும் பாலிஷ் அடிப்பதும்தான் நான் செய்த வேலை. அதை எனக்குப் பழக்கியவர் என் வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து வந்து எலவனாசூர்கோட்டையில் தச்சுப் பட்டறை போட்டவர். முதல் நாளே என்னை வெறுப்பேற்றினார். உளிகளைத் துடைத்து வரிசையாக வைத்தேன். ஒன்று விரற்கடை முன்னால் நிற்கிறதாம், மறுபடி அடுக்கச் சொன்னார். கைப்பிள்ளை தூளியில் கத்துகிறது, இவர் உளிக்கு அணிவகுப்பு வைக்கிறார்.

எங்கே போனாலும் நேரத்துக்கு முன்பே போக வேண்டும் என்பது இன்னொரு பைத்தியம்.

களமருதூரில் ஒரு விவசாயி புது வீடு கட்டினார். அவருடைய வாசலுக்கு நிலை செய்தோம். அதை நல்லபடி நிறுத்திவிட்டால் நாலு கதவு, எட்டு ஜன்னல் எல்லாம் எங்களுக்கே என்றார். எங்களுக்கு ஆறு மாசச் சோறு அது. மழைக்கு முன் பட்டறைக்கு ஓடு போட்டுவிடலாம். புதன்கிழமை ஏழரைக்கு எமகண்டம். அதற்குள் நிலையைத் தூக்க வேண்டும். முதல் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று, முந்தின சாயங்காலமே கைக்கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காலையில் எல்லாம் தயார். விவசாயியின் அக்கா வந்து நிலைக்கு மஞ்சள் பூச வேண்டும், அந்த அம்மாளைத்தான் காணோம். ஒருவழியாக வேகுவேகென்று வந்து சேர்ந்தார். அங்கே கடிகாரம் கட்டியிருந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

"பட்டாளத்தாரே, எமகண்டத்துக்கு இன்னும் நேரம் இருக்குதுல்ல?" என்று விவசாயி கண்ணைச் சிமிட்டினார். தலையை ஆட்டினால் போதும். இவர் விறைப்பாக நின்று கடிகாரத்தைப் பார்த்தார். வேலை மும்முரத்தில் அதைத் தள்ளி வைத்ததே மறந்துபோயிருந்தது.

"ஏழு முப்பத்தி நாலுங்க. எமகண்டம் பொறந்து நாலு நிமிஷம் ஆச்சுங்க."

அந்த அம்மாள் மஞ்சள் தட்டைக் கீழே வைத்தார். "நான் கால் வெக்கற நேரம் எமகண்டமாடா? உன் வாசலுக்கு நீயே பூசிக்கோ."

உண்மையான மணி ஏழு இருபத்தி நாலு. அது எனக்குத் தெரியும். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முந்தானையைக் கடித்தபடி நின்றேன். மணி சொல்கிறவர் பட்டாளத்திலேயே இருந்திருக்கலாமே என்று விவசாயி எரிந்து விழுந்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு தச்சரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸுக்குப் பாதி வழி நடந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "வாட்ச்ச பத்து நிமிஷம் முன்னால தள்ளி வெச்சீங்களே."

அப்படியே நின்றுவிட்டார். "அங்கியே சொல்றதுக்கு இன்னாடி?"

"அவ்ளோ பேரு நின்னுகினு இருந்தாங்க."

திட்டவில்லை. "வா, திரும்பிப் போயி சொல்லிடலாம்" என்றார்.

"இப்ப போனா நெசமாவே எமகண்டம்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. நடுரோட்டில் நின்று கடிகாரத்தைத் திருத்தி வைத்தாரே, அதைப் பார்க்க எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

பிள்ளைக்கு மூன்று வயது ஆகுமுன் காய்ச்சலில் போய்விட்டார். பட்டறைக்கு ஓடு போடவே இல்லை. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறைக்குப் பாலிஷ் வேலைக்குப் போனேன். ஒரு நாள் முதலாளி தேக்குப் பலகையை அறுக்கக் கோடு போட்டார். காலையில் ஆள் வந்து அளவு சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சுற்றி நாலு ஆம்பளைகள். "அண்ணே, ஒரு இஞ்ச் கம்மியா இருக்குது" என்றேன். அளவு எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டுக் கோட்டை அழித்தார்.

பட்டறை வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரிந்ததை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். வழியில் சொன்னால் எட்டு ஜன்னலும் போய்விடும்.