பிளாஸ்திரி ஒட்டிய சக்கரம்

காரைக்காலில் பிரான்சிலிருந்து வந்த பொருளுக்குக் குறை சொல்ல ஆளே கிடையாது. எங்கள் தலத்தெரு வீட்டில் அப்பா ஒரு படி மேல். பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா, எழுபதுகளின் கடைசியில், லீவில் வந்த ஒருவரிடம் அக்காவுக்குக் காது மெஷின் கொடுத்தனுப்பினார். சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஓர் ஒயர், நுனியில் காதில் செருகும் குமிழ். சித்தப்பாவின் பக்கத்து வீட்டில் இறந்துபோன பிரெஞ்சுக்காரக் கிழவியுடையது.

அக்காவுக்கு எட்டு வயது, எனக்கு ஆறு. அவளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். நாலு வார்த்தை பேசிக் காட்டினால் ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வதாகப் பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இத்தனையும்.

பெட்டியின் ஓரத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம். அப்பா அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

"பிரான்சு டாக்டரு வச்ச அளவு. எவனாவது தொட்டீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்."

யார் காதுக்கு வைத்த அளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் நாள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று, பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினார் அப்பா. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேக்குது பாத்தியா!" என்று அப்பா கண்கலங்கினார். தெருவுக்கே சர்க்கரை கொடுத்தோம். மறுநாளிலிருந்து அக்கா குமிழைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தாள்.

"வலிக்குதோ என்னமோங்க" என்றாள் அம்மா.

"பழகிப்போவும். நீ செல்லங் குடுத்துக் கெடுக்காத."

அவள் கழற்றினால் சொல்லவேண்டியது என் வேலை. சம்பளத்துக்கு வைத்த ஆள்கூட அவ்வளவு விசுவாசமாக இருந்திருக்க மாட்டான். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு அடி விழுந்தது, உடனே குமிழை மறுபடி செருகினார்கள். அவள் அழுத அழுகையும் அந்த மெஷின் வழியாக அவள் காதுக்கே போயிருக்கும்.

ஒருநாள் கொல்லையில் அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்து, குமிழைக் கழற்றி என் காதில் செருகினாள். அந்த நேரம் பார்த்து அம்மா கிணற்றடிக் கல்லில் வாளியை வைத்தாள். மண்டைக்குள் இரும்பால் அறைந்ததுபோல் இருந்தது. அலறிக்கொண்டு பிடுங்கி எறிந்தேன். அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கைதட்டிக்கொண்டு, என் முகத்தையும் தன் காதையும் மாறிமாறிச் சுட்டிக் காட்டினாள். நான் நேரே அப்பாவிடம் ஓடி, அக்கா மெஷினைக் கழற்றிவிட்டாள் என்று சொன்னேன்.

அன்று விழுந்த அடிதான் பெரிது. ஜூன் வந்தது. நான் பள்ளிக்கூடம் போனேன், அக்கா போகவில்லை. அப்புறம் எந்த மெஷினையும் அவள் தொட்டதில்லை.

இப்போது அவளுடைய பேத்திக்கு ஆபரேஷன் செய்து காதுக்குள்ளேயே கருவி வைத்திருக்கிறார்கள். அளவு வைக்கத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போவோம். அங்கே ஒரு பெண் கம்ப்யூட்டரில் சத்தத்தைத் துளித்துளியாகக் கூட்டுகிறாள். குழந்தையின் இமை துடித்தால் உடனே குறைத்துவிடுகிறாள். குழந்தை இப்போது வாயாடுகிறது. அக்கா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள், என் பக்கம் திரும்பமாட்டாள்.

வலித்ததை அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று திரும்பிக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. எனக்குக் காது கேட்கும், அதனால் வலித்தது. அவளுக்குத்தான் கேட்காதே, வலி மட்டும் எப்படித் தெரியும் என்று அன்றைக்கு நினைத்தேன்.