அவள் ஓட்டினால் மட்டும் நிற்கும் கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் கார் சாவியைத் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இனி இதைத் தொட மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் விழிஞ்ஞத்திலிருந்து திரும்பும்போது, பைபாஸ் சிக்னலில் பச்சை விழுந்த நொடியில் கார் அணைந்துவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரி. அதன் ஹாரன் காதில் விழவில்லை, முதுகில் விழுந்தது என்றாள். அந்த வாரத்தில் நாலாவது தடவை. திங்கட்கிழமை முதல் அவளுக்கு அங்கே துறைமுக அலுவலகத்தில் காலை ஆறு மணி ஷிப்ட். அந்நேரத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பஸ் கிடையாது. கார் ஓட்டாவிட்டால் வேலை இல்லை.

நான் ஓட்டினால் அது நிற்காது. அந்த ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு நாலு தடவையும் தீர்ப்புச் சொன்னேன்: "நீ பயப்படுறே, அதான் நிக்குது." என் மனைவி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். நான் பெருந்தன்மையாக, "தினமும் நானே கொண்டுவிடுறேன்" என்றேன்.

"எனக்கு எத்தனை வயசாகிற வரைக்கும்?" என்று கேட்டாள் மகள்.

கரமனைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். மார்த்தாண்டத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட மெக்கானிக். எல்லோருக்கும் அவர் ஆசான். விடுமுறை நாளிலும் எங்களுக்காக ஷட்டரைப் பாதி தூக்கினார். நான்தான் ஓட்டிப்போனேன். அவள் பின்சீட்டில், முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆசான் பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினுக்குக் காது கொடுத்தார். அது சமர்த்தாக ஓடியது, ஆள் பார்த்து நடிக்கிற பிள்ளைபோல.

"ஒண்ணும் இல்லியே சாரே. மோளுக்கு க்ளச் பழகல்ல, அதாக்கும்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"நிக்கிற வண்டியப் பார்த்தா என்ன தெரியும் ஆசானே?" பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "நான் எடுக்கிறப்போ பாருங்க."

ஆசான் என்னைப் பார்த்தார். "சார் எறங்குங்க."

சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அவள் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து, கைபிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, க்ளச்சை ஒரு நூல் ஒரு நூலாக விட்டாள். எஞ்சின் படுத்திருந்த எருமை புரள்வதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபோது எங்கிருந்தோ ஒரு சீறல், பல்லிடுக்கில் மூச்சை இழுக்கிற சத்தம். எஞ்சின் நடுங்கியது, திக்கியது, செத்தது.

"இன்னொருக்கா, மோளே."

மறுபடி சாய்வு, மறுபடி சீறல். இந்தத் தடவை ஆசான், காற்று உள்ளே போகிற நெளிநெளியான ரப்பர் குழாயைச் சட்டென்று உள்ளங்கையால் பொத்தினார். சீறல் அடங்கியது. எஞ்சின் சாகவில்லை.

கையை எடுத்து, குழாயின் அடியில் துழாவி, காய்ந்த புகையிலைக் கட்டு ஒன்றை வெளியே இழுத்தார். கூடவே முறுக்கிய கட்டுக்கம்பி.

"இது ஆரு கெட்டினது?"

ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பருப்புக் கோடவுன். அதன் எலிகள் போன வருடம் காரின் ஒயரைக் கடித்துவிட்டன. புகையிலை வாசத்துக்கு எலி வராது என்று யாரோ சொன்னார்கள். கைக்கு வாகாகத் தெரிந்த குழாயில், குறடு வைத்து இறுக்கிக் கட்டியது யார் என்று எனக்குத் தெரியும். பழியைப் பழைய சர்வீஸ்காரன் தலையில் போடலாம். நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது. மகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்."

"எலிகூட இவ்வளவு சுத்தமா அறுக்காது, சாரே."

எஞ்சின் அசையும்போதெல்லாம் கம்பி ரப்பரை ரம்பம்போல அறுத்திருக்கிறது. சும்மா ஓடும்போது கீறல் மூடிக்கொள்ளும். இழுக்கும்போது வாய் திறக்கும். ஆசான் விரலால் காட்டினார். "காத்த அளக்குற சென்சார் இந்தா இருக்கு. இதத் தாண்டி ஓட்டையில கேறுற காத்து கணக்குல வராது. அதுக்குத் தக்க பெட்ரோலும் வராது. சார் ஆக்சிலேட்டரச் சவுட்டிச் சவுட்டி எடுப்பீங்க, அந்த வேகத்துல இது தெரியாது. மோளு மரியாதையா எடுக்குது, அதான் நிக்குது."

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

பழைய சைக்கிள் ட்யூபைக் கீறி, கீறல்மேல் இறுக்கிச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டார். புதுக் குழாய் வர இரண்டு நாளாகும்.

"அதுவரைக்கும் தாங்குமா?" என்று கேட்டேன்.

"சார் கம்பி கெட்டாம இருந்தாத் தாங்கும்."

அவள் இறங்கவில்லை. நான் சுற்றிப்போய் இடதுபக்கம் ஏறினேன். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. கார் பைபாஸில் ஏறியதும் தெரிந்துவிட்டது.

"மக்களே, நான் வந்து..." என்று அவளிடம் ஆரம்பித்தேன்.

"மிண்டாம இருங்கப்பா. சிக்னல் வருது."

அதே சிக்னல். சிவப்பு. கண்ணாடியில் ஒரு லாரியின் முகம் நெருங்கி வந்து நின்றது. அவள் முதல் கியரைப் போட்டுக் காத்திருந்தாள். எஞ்சின் முனகலில் ட்யூப், கிளாம்ப், ஆறு மணி ஷிப்ட் எல்லாம் எனக்குக் கேட்டன.

பச்சை.

"அப்பா, கால எடுங்க" என்றாள், திரும்பாமலே.

குனிந்து பார்த்தேன். பெடலே இல்லாத இடத்தில் என் வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தேன். அவள் க்ளச்சை ஒரு நூல் ஒரு நூலாக விட்டாள். லாரி பின்னால் தங்கிவிட்டது.