வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்

இந்த ஊரில் உடம்புக்கு முடியவில்லை என்பதை மனிதர்கள் கூச்சமே இல்லாமல் சொல்கிறார்கள். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குக் காலையில் போன் வரும். "எனக்கு உடம்பு சரியில்லை, இந்த வாரம் வரமாட்டேன்" என்பார் உடன் வேலை பார்க்கும் யாராவது. குரலில் கெஞ்சல் இருக்காது. போனை எடுத்தவர் "கூட்டே பெஸருங்" என்று, சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்துவிடுவார். காரைக்குடியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வருடக்கணக்கில் நர்ஸாக இருந்தவள் நான். காய்ச்சலோடு போய்க் காய்ச்சல்காரர்களுக்கு ஊசி போட்டிருக்கிறேன். லீவு கேட்கும் முன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கண்ணாடியில் பார்த்துப் பழகியிருக்கிறேன். ஜெர்மனிக்கு வந்து சில குளிர்காலங்கள் கடந்த பிறகும், அந்தப் போன் வரும்போதெல்லாம் யாருக்கோ வேலை போகப்போகிறது என்றுதான் முதலில் பயப்படுவேன்.

என் கணவர் அருள்தாஸுக்கு அந்தப் பயம் என்னைவிட அதிகம். அமராவதிபுதூரில் எங்கள் வீடு. அவர் காரைக்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோன ஒரு வருடம், தாளாளர் அவரைக் கூப்பிட்டு, "நாளையிலருந்து நீங்க வீட்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வழக்கம்போலச் சட்டையை இஸ்திரி போட்டு, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் போய்க் கோவிலூர்க் குளக்கரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவரோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி சந்தையில் என்னைப் பார்த்து, "சாருக்கு வேற எடத்துல கெடச்சிருச்சாக்கா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்று வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகுதான் மதுரைக்குப் போய் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். மகன் திருச்சியில் இஞ்சினியரிங் சேர்ந்த நேரம் அது. யாராவது ஒருவர் எங்காவது போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. முதலில் நான் வந்தேன். கொஞ்ச காலம் கழித்து அவர் வந்தார்.

பாஷை முழுதாகப் பிடிபடாத கணக்கு வாத்தியாருக்கு இங்கே கிடைத்தது ஒரு ரொட்டித் தொழிற்சாலையில், சூடான தட்டுகளை இழுத்து அடுக்கும் வேலை. அதற்கே அவர் முகம் தெளிந்துவிட்டது. ஆனால் இலையுதிர் காலத்தில் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று நெஞ்சைத் தடவ ஆரம்பித்தார். "கேஸுதான்" என்று ஓமத்தண்ணி போட்டுக் குடிப்பார். டாக்டரிடம் போகலாம் என்றால் ஒரே பதில்தான்: "சேந்து ஆறு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள லீவு கேட்டா என்ன நெனப்பாக?"

ஒரு வியாழக்கிழமை, வேலைக்கு நடுவே என் போன் அடித்தது. அவருடைய மேலாளர் லிண்ட்னர்.

"உங்கள் கணவருக்கு இப்போது எப்படி இருக்கிறது? அவர் போன் அணைந்தே கிடக்கிறது."

"அங்கேதானே வந்திருக்கிறார்?"

"இல்லையே. திங்கட்கிழமையே நான் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்."

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "அவர் என்ன தப்புச் செய்தார்? ஏன் வேலையை விட்டு எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "யாரும் எடுக்கவில்லை. அவர் முகம் சாம்பலாக இருந்தது. வியர்த்துக் கொட்டியது. டாக்டரிடம் போய்விட்டு, வீட்டில் படுங்கள் என்றேன். அவர் படுக்கையில் இல்லையா?"

படுக்கையில் எங்கே? அன்று காலையிலும் எலுமிச்சைச் சோற்றை வாங்கிக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டல்லவா போனார்.

சீருடையைக்கூட மாற்றாமல் ஓடினேன். அவர் போன் அணைந்தே கிடந்தது. ரயில் நிலையத்தில் இல்லை, நூலகத்தில் இல்லை, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும் மாதா கோவிலும் பூட்டிக் கிடந்தது. அதன் படியில் நின்று, இந்த மனிதர் எங்கே போவார் என்று யோசித்தபோதுதான் கோவிலூர்க் குளம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் இருக்கிற இடமாகத்தான் போயிருப்பார். ஆற்றை நோக்கி ஓடினேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

பாலத்துக்கு அப்பால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா மடியில் திறக்காமல் இருந்தது. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மனைவி விலகி நர்ஸ் முன்னால் வந்தாள்.

"நெஞ்சு வலிக்குதா? எம்மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

"கேஸுதான்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "வேல போயிருச்சு. அந்தாளு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

"வேல போகலங்க. மேலுக்கு முடியலன்னு போகச் சொல்லிருக்காக. அவரே இப்ப போன் பண்ணாரு."

அவருக்கு அது விளங்கவில்லை. நான் ஆம்புலன்சைக் கூப்பிடுவதைப் பார்த்து என் கையைப் பிடித்தார். "வேணாம். செலவாகும். பஸ்ஸுல போயிருவோம்." பிடித்த கை ஐஸாக இருந்தது. நான் உதறினேன்.

வந்த ஆம்புலன்ஸ் இளைஞன் குனிந்து, பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலி எவ்வளவு என்று கேட்டான். புது மனிதரிடம் வலியைக் கூட்டிச் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "ஸ்வை" என்றார். இரண்டாம். "ஸேன்! பத்து!" என்று நான் கத்தினேன். இளைஞன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவர் நெற்றியைப் பார்த்தான். அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

இதய ரத்தக் குழாய் ஒன்று ஏறக்குறைய முழுதாக அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சில் இருந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் சீருடையைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுநாள் லிண்ட்னர் பூங்கொத்தோடு வந்தார். வேலை அப்படியே இருக்கிறது, சம்பளமும் வரும் என்றார். இவர் படுத்தபடியே எழப் பார்த்து, "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்றார். எதற்கு மன்னிப்பு என்று அந்த மனிதருக்குப் புரியவில்லை. பூக்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அவர் போனதும் நான் கதவைச் சாத்தினேன். "இது ரெண்டாவது தடவ" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "ஒருத்தி கூட இருக்கேன்ல? ஏன் சொல்லல?"

போர்வை நுனியைப் பார்த்தபடி சொன்னார். "ஊர்ல சொல்லக் கூச்சமா இருந்துச்சு. இங்க பயம். நீ இல்லாம இங்க எனக்கு ஒரு கடைக்குப் போகத் தெரியல. எனக்குன்னு இருந்தது அந்த வேல ஒண்ணுதான். அதையும் விட்டுட்டேன்னா, என்னை எதுக்கு வச்சிருக்கன்னு நீ நெனச்சிருவியோன்னு..."

கோபம் தீரவில்லை. இன்றும் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என் கையைப் பிடித்தார். இந்த முறை உதறவில்லை.

பிறகு 'ரேஹா' என்று சொல்லும், இதய நோயாளிகளைத் தேற்றி அனுப்பும் இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். காட்டுக்கு நடுவே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது நான்கு ஜெர்மன்காரர்களோடு ஆளுக்கு இரண்டு கம்பு ஊன்றிப் பனியில் நடந்துகொண்டிருந்தார். நானும் பின்னால் நடந்தேன். பாதியில் அவர் போன் அடித்தது. அமராவதிபுதூர் வீட்டில் தண்ணீர் ஏறவில்லையாம். மோட்டார் பார்க்கிறவர், குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று கேட்டார். இவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"அங்குட்டு இல்லண்ணே, இங்குட்டு. கொய்யாமரத்த ஒட்டித் தோண்டுங்க. இந்தா, இந்தப் பக்கம்" என்று கம்பைத் தூக்கி இடது பக்கம் நீட்டினார். நான்கு பேரும் அந்தத் திசையில் திரும்பி, பனி மூடிய மரங்களுக்கு நடுவே எங்கள் வீட்டுக் குழாயைத் தேடினார்கள்.