பக்கத்தில் போட்ட ஸ்டூல்

கல்லூரி முழுக்க அவளை 'அடுப்பு மேடம்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், கோபமும் கிடையாது. சூடான பொருள் தன் சூட்டை எப்படி இறக்கிவைக்கிறது என்று பார்ப்பதே பிழைப்பாகிப் போனவளை வேறு என்னவென்று கூப்பிடுவது?

அந்த ஆராய்ச்சிக்கு அசையாத காற்று வேண்டும். ஆய்வகத்தில் ஃபேன் கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது, கதவிடுக்கில் பழந்துணி. நடுவில் ஓர் அலுமினியத் தகடு, அதன் முதுகில் சீப்பு மாதிரி வரிசையாகப் பற்கள். அதை மின்சாரத்தால் சூடேற்றி, சூடு ஒரு நிலைக்கு வந்து நிற்கும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். அதற்குள் அளப்பவள் வெந்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் ஃபேனை முழு வேகத்தில் விட்டு அடியில் உட்கார்ந்துவிடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாப்பிடுவார்.

"உன்னைக் கட்டிக்கிட்டு எனக்கு வருஷம் பூரா ஜலதோஷம்" என்பார்.

பற்களை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் சூடு இன்னும் சீக்கிரம் இறங்கும் என்பது அவளுடைய சொந்த யோசனை. துறைத்தலைவரின் கையைக் காலைப் பிடித்துத் தகடு செய்ய அனுமதி வாங்கினாள். அளந்தாள். நேர்ப்பல் தகட்டைவிட நன்றாகவே இறங்கியது. கட்டுரை வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். கடைசியில் பேராசிரியர் பதவிக்கான நேர்முகத்துக்கும் அழைப்பு வந்தது. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களே அவளைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்ட பதவி.

அந்தச் சமயம் பார்த்துத்தான், அளவுகளைத் தானாகவே பதிவு செய்யும் கருவி ஒன்று ஆய்வகத்துக்கு வந்தது. இனிமேல் உள்ளே உட்கார்ந்து வேக வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வெளியிலிருந்து பார்த்தாள். சாய்ந்த பல், நேர்ப்பல், இரண்டும் ஒன்றுபோலவே ஆறின. கருவியைத் திட்டினாள். விற்றவனை போனில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு உள்ளே போய், சாய்ந்த பல் தகட்டின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு எப்போதும்போல உட்கார்ந்தாள். தகடு கூடுதலாக ஆறியது. எழுந்து வெளியே போனாள். பழையபடி சூடேறியது.

அப்போதுதான் உறைத்தது. மனித உடம்பும் ஒரு சின்ன அடுப்புதான். அதன் சூட்டில் காற்று அசைகிறது, அந்த அசைவில் தகடு ஆறியிருக்கிறது. அப்படியானால் முன்பு நேர்ப்பல் தகடு மட்டும் ஏன் அப்படி ஆறவில்லை? அதற்கும் விடை தெரிந்தே இருந்தது. அது யாரோ செய்தது. அதை அளந்தபோதெல்லாம் சலிப்போடு தூரத்துச் சுவரோரம் உட்கார்ந்து வார இதழ் புரட்டிக்கொண்டிருந்தாள். சாய்ந்த பல் அவளுடையது. தொட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவள்போல, வைத்த கண் வாங்காமல் அதை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் சொன்னாள். கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நேர்முகம் முடியட்டும்மா. அப்புறமா சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறாங்க?"

சரி என்றுதான் சொன்னாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் அந்தப் பதவிமேல் கொள்ளை ஆசை.

நேர்முகத்தில் குழுத் தலைவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "உங்க சாய்ஞ்ச பல் தகட்டைப் பத்திச் சொல்லுங்க மேடம். அதைக் கேக்கறதுக்காகவே நான் வந்தேன்."

ஸ்டூல், வார இதழ் உட்பட ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

அன்று கணவர் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க. கட்டுரையையும் திரும்ப வாங்கிக்கறேன்னு பத்திரிகைக்கு எழுதிட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"பதவி போனா போகட்டும். அந்தத் தகடு அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க" என்றாள். "நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன்."



"அடுத்த தகடு செய்யறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. நீ கிட்டப் போகாம நான் கையைப் புடிச்சுக்கறேன்."

குழுவின் முன்னால் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.