நோன்பு வைக்காத போன்

இந்த ஊர்க்காரர்கள் சந்தித்துக்கொண்டால் "என்ன செய்தி?" என்று கேட்பார்கள். "செய்தி ஒன்றுமில்லை" என்று பதில் சொல்ல வேண்டும். வீட்டில் மகன் கல்யாணமே நடந்துகொண்டிருந்தாலும் முதலில் அதுதான் பதில். ஓமனில் இந்தச் சோகார் பட்டணத்துக்கு வந்த புதிதில் இது தெரியாமல், கேட்ட பெரியவரிடம் என் பல்வலியைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

நம் மரக்காணத்தில் அந்தக் கேள்வி "சாப்ட்டியா?" என்று வரும். பசி காதை அடைத்தாலும் "ஆச்சு" என்போம். பதில் முன்பே தெரிந்த கேள்விக்கு மனிதன் எதற்கு? இப்படி யோசித்துத்தான் நான் ஏஜென்ட் செய்தேன்.

ஏஜென்ட் என்றதும் விசா தருகிறேன் என்று பாஸ்போர்ட்டோடு மறைகிறவனை நினைக்காதீர்கள். இது போனுக்குள் இருந்து நமக்காக வேலை பார்க்கும் ஏஐ. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். உப்பளத்தில் கூடை சுமந்த தலை இது. இன்று சொந்த மளிகைக்கடை. கம்ப்யூட்டர் படித்த பையன்கள் என் கடையில் சோப்பு வாங்கியபடி வேலை தேடுகிறார்கள். நான் டீ குடித்தபடி, வாயால் சொல்லியே மூன்று ஏஜென்ட் செய்துவிட்டேன். ஒன்று தீர்ந்த சரக்குக்கு ஆர்டர் போடும். இன்னொன்று ஊரிலிருந்து விசா கேட்கிறவர்களுக்கு "இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்" என்று என்னைவிட மரியாதையாகச் சொல்லும். மூன்றாவது ஊரில் இருக்கும் என் மனைவி சபுராவுக்கு. கடையில் கூட்டம் நெரிகிற மதியத்தில்தான் அவள் வாட்ஸ்அப்பில் வருவாள். "அவளுக்கு நல்லபடியாகப் பதில் சொல்லு, சாப்பிட்டேன் என்று சொல்லு, குழம்பைத் தினமும் மாற்று" என்று கட்டளை கொடுத்தேன். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை.

ரமலான் நோன்பு பிறந்தது. ஏஜென்ட்டுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாள் மதியம் சபுரா, "தலை சுத்தல் இல்லையே?" என்று கேட்டிருக்கிறாள். அது, "நல்லா இருக்கேன். இப்பதான் வஞ்சிரம் குழம்பு சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?" என்று எழுதிவிட்டது.

சித்திரை வெயிலில் உப்புக்கூடை சுமந்த காலத்திலேயே ஒரு நோன்பும் விடாதவன் நான். ஊரில் இதை நான் சொல்லிக் கேட்காதவர் இல்லை. அப்படிப்பட்டவன் பகலில் சாப்பிடுகிறான் என்றால் இருக்கிற சர்க்கரை வியாதி முற்றிவிட்டது, மறைக்கிறான் என்று சபுரா முடிவு கட்டிவிட்டாள். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் தன் அண்ணனிடம் ஓடிப்போய் அழுதிருக்கிறாள். அவர் இங்குள்ள நம் ஊர்க்காரர்களுக்குப் போன் போட, மாலை அஸர் தொழுகைக்குள் மூன்று பேர் என் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று கால் வீங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஜனாஸா அடக்கத்துக்கு வந்த முகத்தோடு நின்றார்.

பிறகு மச்சானே பேசினார். "ஏம்பா, எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு. இவ அழுதே மயங்கிடுவா போலிருக்குது."

உண்மையைச் சொன்னேன். சொல்கிற சாக்கில் ஏஜென்ட்டின் திறமையையும் கொஞ்சம் விளக்கினேன். மச்சான் பாதியிலேயே போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டார்.

சபுரா வாங்கினாள்.

"அப்ப ஆறு மாசமா நான் யாருகிட்ட பேசினேன்?"

வரிசையில் நின்றவரைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

"முட்டி வலிக்குதுன்னு சொன்னப்ப, வெந்நி ஒத்தடம் குடு, வேலைய நாளைக்குப் பாத்துக்கலாம்னு வந்துச்சே. அது நீங்களா?"

"இல்ல. அதுதான்."

"நெனச்சேன். உங்களுக்கு ஏது அவ்ளோ பேச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்தப் போனு விட்ட நோன்ப, பெருநாள் கழிச்சு களாவாத் திருப்பி வைக்கச் சொல்லுங்க."

கேலி செய்துவிட்டாள், கோபம் போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் மதியம் செய்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தொந்தரவில்லாத மதியம், நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் இரண்டு பேருக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நானே கூப்பிட்டேன். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இது யாரு பேசுறது?" என்றாள்.

இப்போதெல்லாம் மதியப் பதில் என் கையால் போகிறது. எழுத்துப் பிழையைப் பார்த்துத்தான் நான் என்று நம்புகிறாளாம். செய்த ஏஜென்ட்டைக் கலைக்க மனம் வரவில்லை. வேலையை மட்டும் மாற்றினேன். மாலையில் இரண்டு ஊருக்கும் நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்கை அது ஒலிக்கிறது. மரக்காணத்தில் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும். சபுரா நோன்புக் கஞ்சியை எடுக்கிற அந்த முதல் பாங்கில், என் கை தானாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிடுகிறது. கடை வாசலில் வெயில் இன்னும் அப்படியே நிற்கிறது. மூடியைத் திருகி மூடிவிட்டு, அடுத்தவருக்குச் சரக்கு கட்டுகிறேன்.