மெயினை அணைத்த கை

மூணு வருஷத்துக்கு முன்னால, ஒரு ஐப்பசி மாசம். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு தோணி ஏஜென்ட் ஆபீஸ்ல நான் கிளார்க். இப்பவும் அங்கனதான் இருக்கேன். வெங்காயம், உருளைக்கிழங்கு, ஜல்லின்னு மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற தோணிகளுக்குக் காகித வேலை பாக்கிறது எங்க பிழைப்பு. எந்த ஆள் எந்தத் தோணியில, எந்தத் தேதியில ஏறினார், எப்போ இறங்கினார்னு பதிஞ்சு வைக்கிறதும் நாங்கதான்.

அதெல்லாம் முன்னால பெரிய பெரிய ஏடுகள்ல இருந்துச்சு. கரையான் அரிக்க ஆரம்பிச்சதும், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்னு முதலாளிக்கு யோசனை சொன்னது நான்தான். கடல் மோசமா இருந்து தோணி ஓடாத மாசங்கள்ல உக்காந்து, பக்கம் பக்கமா ஏத்தினேன். ஏடுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டாச்சு. கம்ப்யூட்டர் படுத்துக்கிட்டா என்ன செய்யன்னு முதலாளி கேட்டாரு. அதுக்குத்தான் பேக்கப் சாஃப்ட்வேர் இருக்கேன்னேன். சரி, நீயே பாத்து வாங்குன்னு என் தலையிலயே கட்டிட்டாரு. எனக்கு அதுல பெருமை வேற.

மூணு சாஃப்ட்வேர் பார்த்தேன். ஒண்ணு இன்டர்நெட் வழியா எங்கயோ வெளியூர்ல கொண்டுபோய் வைக்கும். எங்க ஆபீஸ் நெட் இருக்கிற லட்சணத்துக்கு அது ஆகாதுன்னு தள்ளிட்டேன். இன்னொண்ணு பகல்லயே ஓடி, கம்ப்யூட்டரை அசைய விடாமப் பண்ணுச்சு. மூணாவது, நாங்க வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி பதினோரு மணிக்குத் தானா ஓடி, செருகியிருக்கிற டிஸ்க்ல நகல் எடுத்து வச்சிடும். யாருக்கும் தொந்தரவு இல்ல. அதையே வாங்கினேன்.

போட்டுக் கொடுக்க வந்தவர், "ராத்திரி சிஸ்டம் ஆன்லயே இருக்கும்லா மேடம்?"னு கேட்டாரு. நான் ஏதோ பில்லைப் பார்த்துக்கிட்டே, இருக்கும் இருக்கும்னேன். வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பாருங்கன்னும் சொன்னாரு. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க கிளம்புங்க"ன்னேன். வாய்க்கொழுப்பு, வேற என்ன!

எட்டு மாசம் கழிச்சு, ஒரு திங்கட்கிழமை காலையில கம்ப்யூட்டர் உயிரை விட்டுடுச்சு. ரிப்பேர்காரர் உள்ள இருக்கிற டிஸ்க்கே போச்சுன்னாரு. நான் கொஞ்சமும் பதறல. பேக்கப் இருக்குல்லா!

அன்னைக்குப் பகல்லயே ஒரு தோணிக்காரர் வந்தாரு. பதினாலு வருஷம் எங்க தோணிகள்ல ஓடினவர். பொண்டாட்டி காய்ச்சல்ல தவறிப்போனதுல இருந்து, ஆறு வயசு மகளை அக்கா வீட்ல விட்டுட்டுக் கடலுக்குப் போவார். துறைமுகத்துக்குள்ளயே கப்பலை இழுக்கிற டக் படகுல ஒரு வேலை வந்திருந்துச்சு. சாயங்காலமானா வீட்டுக்கு வந்திடலாம். ஆனா எந்தெந்தத் தேதியில எந்தத் தோணியில போனார்னு எங்க ஆபீஸ் பதிவோட நகல் கேட்டிருக்காங்க. அவருக்கு வேற அத்தாட்சி கிடையாது. வயசு வரம்பும் அந்த மாசத்தோட முடியுது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"யக்கா, பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன், இனிமே தெனமும் வந்திருவேன்னு. அது இப்பவே குதிக்குது"ன்னு சிரிச்சாரு.

"நாளைக்கு வாங்க தம்பி, ரெண்டு நிமிஷ வேலை"ன்னேன்.

மறுநாள் அவரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே, புதுக் கம்ப்யூட்டர்ல அந்த டிஸ்க்கைச் செருகினேன். உள்ள ஒரே ஒரு ஃபைல். திறந்தா, போட்டுக் கொடுக்க வந்தவர் அன்னைக்குச் சோதனைக்காக அடிச்ச 'வணக்கம்'. அவ்வளவுதான். அவரையே போன்ல கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மேடம், ராத்திரி மெயினை அணைக்கீங்களா?"

எங்க தெருவுல எல்லாருமே மெயின் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் போவோம். உப்புக்காத்து ஒயரைத் தின்னுடும். ஒரு தடவை பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில சுவிட்ச் போர்டு தீப்பிடிச்சதுல இருந்து, மெயினை அணைக்காம யாரும் கதவைப் பூட்ட மாட்டோம். போயிட்டு வாரேன்னு சொல்றதுக்குப் பதிலா, "மெயினை அணைச்சாச்சா?"ன்னுதான் கேப்போம். எங்க ஆபீஸ்ல அணைக்கிறது நான். எட்டு மாசமா, ஒரு நாள் விடாம, அந்த பேக்கப்பை ஓட விடாமப் பண்ணினது இந்தக் கைதான். தினம் காலையில திரையோட மூலையில இங்கிலீஷ்ல ஒரு சின்னப் பெட்டி வரும். என்னமும் விளம்பரமா இருக்கும்னு படிக்காமயே மூடிடுவேன். ராத்திரி நகல் எடுக்கலன்னுதான் அது சொல்லிக்கிட்டு இருந்திருக்கு.

செத்த டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினோம். அங்கயும் கையை விரிச்சிட்டாங்க. முதலாளி அந்தத் தோணிக்காரரைப் பத்திப் பொதுவா ஒரு கடிதம் கொடுத்தாரு, எடுபடல. வேற இடங்கள்லயும் கேட்டு அலைஞ்சேன், வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணும் கைக்கு வரல. வியாழக்கிழமை, அவர் எதிர்ல உக்காந்து நினைவுல இருந்தே சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சேன். பிள்ளை பிறந்தப்போ இந்தத் தோணி, கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அந்தத் தோணின்னு ஒண்ணொண்ணாச் சொன்னாரு. ரெண்டு பக்கம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாரு. பதிவு இல்லாத பட்டியலை வச்சு என்ன செய்யன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

ஆபீஸுக்குத் திரும்பி வந்தவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்கக்கா. பிள்ளைகிட்ட என்ன சொல்லன்னுதான் தெரியல"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போனாரு. அன்னைக்கு டாய்லெட்டுக்குள்ள போய் நின்னு அழுதேன்.

இப்போ எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுத்தாச்சு. பகல்ல நாங்க சாப்பிடுற நேரத்துல நகல் எடுக்குது. சனிக்கிழமைதோறும் ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துச் சரிபாக்குதேன். எப்பவும் எடுக்கிறது அவர் சொல்ல நான் அடிச்ச அந்த ரெண்டு பக்கத்தைத்தான்.

அவர் இன்னும் தோணியிலதான் ஓடுதாரு. காத்து பலமா அடிக்கிற நாள்ல ஆபீஸ் போனுக்கு அந்தப் பிள்ளை கூப்பிடும், "அத்தை, அப்பா தோணி வந்துட்டா?"ன்னு. இன்னும் வரல கண்ணுன்னு சொல்லிட்டுப் போனை வைப்பேன். யாருக்கும் பயன்படாத அந்த ரெண்டு பக்கம் வாராவாரம் பத்திரமாத் திரும்பி வந்திடுது. தெனமும் சாயங்காலம் திரும்பி வந்திருக்க வேண்டிய மனுஷனைத்தான், ஒரு கேள்வியைக் காதுல வாங்காம, நான் கடலுக்கே அனுப்பிட்டேன்.